பத்து வீச்சு

மார்ச் 30

இந்த டைரி தீனிக் கம்பெனி கொடுத்தது. அட்டையில் ஒரு இறால் மீசையை விறைத்துக்கொண்டு என்னை முறைக்கிறது. ஜெசிமாதான் கையில் திணித்துவிட்டு, "அண்ணே, தினம் ரெண்டு வரி எழுதுங்க. தீனி எவ்வளவு, தண்ணி எப்படி, வானம் எப்படி. பின்னாடி உதவும்" என்றது. கம்பெனியில் வேலை செய்யும் பெண். மீன்வளம் படித்தது. வாரம் இரண்டு தடவை ஸ்கூட்டரில் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் இறால் குட்டைத் தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போகும்.

நான் வைரக்கண்ணு. வயது ஐம்பத்தொன்று. படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதை இரண்டு வருடம் படித்தேன், அதனால் ஆறாம் வகுப்பு என்றே சொல்லிக்கொள்வேன்.

குட்டை என் மச்சினன் ரெத்தினவேலுடையது. என் மனைவி இந்திராணிக்கு ஒரே தம்பி. ஒரு ஏக்கர், குத்தகை. பிப்ரவரி பத்தாம் தேதி ஒரு லட்சத்து அறுபதாயிரம் குஞ்சு விட்டான். போன வருடம் இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவையும் வெள்ளைப்புள்ளி நோய் வந்து மொத்தமாகப் போனது. இதுவும் போனால் மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போகப்போகிறான். பாஸ்போர்ட் இப்போதே, குட்டைக் கரையில் நாங்கள் தங்கும் கொட்டகைச் சுவரில் பிளாஸ்டிக் பைக்குள், உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதில் இருக்கும் போட்டோவைப் பார்த்தால் மலேசியாக்காரன் ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவான் என்று இந்திராணிக்கு ஆறுதல் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் வேலை தீனி போடுவது, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்ப்பது, பறவைகளை விரட்டுவது. பத்து நாளைக்கு ஒரு தடவை வீச்சுவலை வீசி இறாலை எண்ணுவது. அந்தக் கடைசி வேலைக்காகத்தான் என்னைக் கூப்பிட்டான். நான் வலை வீசினால் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக விழும். ஊருக்கே தெரியும். கார்த்திகையோடு படகுக்குப் போவதை விட்டுவிட்டேன். கடல் அலுத்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

தீனி 38 கிலோ. தண்ணீர் பச்சை. வானத்தில் மேகம் இல்லை.

மார்ச் 31

இந்திராணி கேட்கிறாள், ஏன் பனியனை விட்டுவிட்டுச் சட்டையே போடுகிறீர்கள் என்று. ஸ்டைல் என்றேன். பனியனைத் தலைக்கு மேல் தூக்கிக் கழற்ற வேண்டும். சட்டைக்குப் பொத்தான் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

தீனி 38.

ஏப்ரல் 1

முட்டாள் தினம். வலை வீசும் தினமும்.

கணக்கு சுலபம். என் வலை விரிந்து விழுந்தால் எவ்வளவு இடத்தை மூடுமோ, அதைப் போல ஆயிரம் இடம் இந்தக் குட்டை. ஒரு வீச்சில் நூறு இறால் வந்தால் குட்டையில் ஒரு லட்சம். ஆனால் ஒரே வீச்சை நம்பக்கூடாது, நாலு பக்கமும் சுற்றிப் பத்து வீச்சு வீசிச் சராசரி எடுக்க வேண்டும் என்பது ஜெசிமாவின் சட்டம். அந்தச் சராசரியை வைத்துத்தான் தீனி. கூடப் போட்டால் மிச்சம் அடியில் அழுகி மொத்தக் குட்டையையும் சாகடித்துவிடும். குறையப் போட்டால் ஒன்றை ஒன்று தின்னும்.

ரெத்தினவேல் டீசல் வாங்கப் போயிருந்தான். விடிந்ததும், தீனி போடுவதற்காகக் கரையிலிருந்து குட்டைக்குள் நீட்டியிருக்கும் பலகைமேல் நின்று இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வீசினேன். 151. 128.

பிறகு பலகையிலேயே கொஞ்சம் உட்கார்ந்தேன். காற்று நன்றாக இருந்தது.

ஜெசிமா கொடுத்த தாளில் பத்துக் கட்டம். இரண்டு கட்டம் நிரம்பி எட்டுக் கட்டம் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. இரண்டுக்கும் நடுவே 140 வருகிறது. அதனால் வந்த இரண்டையும் விட்டுவிட்டு, பத்துக் கட்டத்திலும் 138, 141, 140, 139, 143, 137, 142, 140, 139, 141 என்று போட்டேன். வீசியிருந்தாலும் இதுதானே வந்திருக்கும்?

உண்மையை உன்னிடம் எழுதிவிட்டேன், டைரி. பொய் சொல்ல ஒரு தாள் போதும்.

ஏப்ரல் 2

ஜெசிமா தாளைப் பார்த்துவிட்டுப் போனில் ஏதோ தட்டியது. "அண்ணே! ஒரு லட்சத்து நாப்பதாயிரம். முன்னபின்ன ஆயிரத்து முந்நூறுதான். இவ்வளவு சீரான குட்டைய நான் எங்கயும் பாத்ததில்ல."

"குட்டை சீரில்லம்மா. கை சீரு" என்றேன்.

ரெத்தினவேலுக்கு வாயெல்லாம் பல். "மச்சான் கைன்னா சும்மாவா?"

இந்திராணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஊதினாள்.

ஏப்ரல் 5

தீனி 44. செக் ட்ரே என்று ஒரு வலைத்தட்டு பலகை ஓரத்தில் கட்டியிருக்கும். அதில் பிடி தீனி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்போம். காலியாக இருந்தால் பசி இருக்கிறது என்று அர்த்தம். இன்றும் துடைத்துவிட்டது போலக் காலி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் வீணாக எதையாவது நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ரெத்தினவேல் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தான். நெற்றியில் பாதி. இறாலெல்லாம் பயந்து அடிக்குப் போய்விட்டது என்றேன்.

ஏப்ரல் 8

காளியம்மன் கோயிலில் ஒரு கையால் கும்பிட்டேன். "அம்மனுக்கு என்ன சலாமா வைக்கிறீங்க?" என்றாள் இந்திராணி. அம்மன் கோபிக்கவில்லை. இந்திராணிதான் வீட்டுக்கு வந்ததும் தைல பாட்டிலை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கொசுவுக்காக இருக்கும்.

ஏப்ரல் 11

அறுபதாம் நாள். வலை.

166. அடுத்தது 79.

79 எப்படி? அதே பலகை. அதே வலை. ஐந்து நிமிஷம்கூட இடைவெளி இல்லை. வலை சரியாக விரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது வீசிப் பார்த்திருக்கலாம். வலையைத் தோளில் போட்டேன். பிறகு இறக்கி வைத்துவிட்டேன். வெயில் ஏறிவிட்டது.

79ஐ நம்பாமல், போன தடவையைவிடக் கொஞ்சம் மட்டும் குறைத்து, தாளில் 136ஐச் சுற்றிப் பத்து எண்.

ஏப்ரல் 12

இன்று ஜெசிமா கொஞ்சம் நேரம் உட்கார்ந்தது. இந்திராணி மோர் கொடுத்தாள். நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "ஏம்மா, பத்து வீச்சு எதுக்கு? ரெண்டு வீசினா ஆகாதா? தண்ணி ஒரே தண்ணிதானே?"

"அண்ணே, இப்ப பஸ்ல ஏறுறீங்க. ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. அதுல ஒருத்தரு ரெத்தினவேல் அண்ணன். உடனே ஊருல பாதிப் பேரு தலைக்குச் சாயம் அடிச்சிருக்காங்கன்னு எழுதுவீங்களா?"

ரெத்தினவேல் நெற்றியைத் தடவினான். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"ரெண்டு பேர வச்சும் சொல்லலாம். ஆனா முன்னபின்னன்னு ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். ரெண்டு வீச்சுன்னா அந்த முன்னபின்ன குட்டையவே முழுங்குற அளவு அகலமா இருக்கும். வீச்சு கூடக்கூட அது ஒடுங்கும். ஆனா அதுவும் லேசுல ஒடுங்காதுண்ணே. சந்தேகம் பாதியாகணும்னா நாலு மடங்கு வீசணும்."

"ரெண்டு மடங்கு போதாதா?"

"போதாது. நாலு."

கணக்கு வாத்தியார்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது. சந்தேகம் பாதிதான் குறையுமாம், வீச்சு மட்டும் நாலு மடங்காம். தைலத்துக்கு வேலை மட்டும் ஒவ்வொரு வீச்சுக்கும் முழுசாகத்தான் வருகிறது.

போகும்போது தாளை மறுபடி பார்த்தது. "பக்கத்துக் குட்டையில பத்து வீச்சுல அறுவதும் வருது, நூத்தித் தொண்ணூறும் வருது. ஒங்களுக்கு மட்டும் பத்தும் ஒட்டிப் பொறந்த மாதிரி வருதே?"

"ராசிம்மா."

அது சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பாயசம். தீனி 52.

ஏப்ரல் 16

பலகைக்கு நேர் எதிர்க் கரையில் அழுகின முட்டை வாசம். காலால் சேற்றைத் தோண்டினேன். கறுப்பு. இந்தப் பக்கச் சேறு சாம்பல் நிறம்தான். ரெத்தினவேலிடம் சொல்ல வாயெடுத்தேன். ஏரேட்டர் பெல்ட் அறுந்து அதில் ஓடிவிட்டோம்.

ஏப்ரல் 17

சொல்லவில்லை.

ஏப்ரல் 19

விடியற்காலை இறால்கள் மேலே வந்து தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தின. மூச்சுக்குத்தான். ஏரேட்டர் நாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கரையோரம் பன்னிரண்டு செத்துக் கிடந்தன. பொறுக்கி இலையில் சுற்றிவிட்டு ரெத்தினவேலிடம் ஏழு என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் ஐந்து குறைந்துவிட்டது.

நீர்க்காகங்கள் கம்பத்தில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டன. கல் எறிய முடியாது, தகரம் தட்டுகிறேன்.

ஏப்ரல் 20

செத்தது 31. இன்று குறைத்துச் சொல்லவில்லை. அவனே எண்ணிவிட்டான்.

ஏப்ரல் 21

எழுபதாம் நாள். வலை வீச வேண்டிய நாள். 158. அடுத்த வீச்சில் 43. 43 வந்த வலையை இழுக்கும்போது கயிறு கைவிட்டுப் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினேன். இந்திராணியிடம் வழுக்கியது என்று சொன்னேன். கார்த்திகையில் படகில் வழுக்கிய மாதிரிதான். அன்றைக்கும் கயிறுதான்.

தாளில் 134, 136, 133... எழுதிய இடத்தில் மை கலங்கியது. ஈரம்.

ஏப்ரல் 22

ஜெசிமா செத்த இறாலை ஐஸில் வைத்து எடுத்துப்போய்ச் சோதித்து, சாயங்காலம் போன் போட்டது. வெள்ளைப்புள்ளி இல்லை. இந்திராணி அடுப்படியிலேயே உட்கார்ந்து கும்பிட்டாள்.

"அப்ப எதனாலம்மா சாவுது?" என்று ரெத்தினவேல் போனில் கத்தினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அடிமண்ணு கெட்டிருக்குண்ணே. தீனி மிஞ்சுனா அப்படி ஆகும். ஆனா எண்ணிக்கைப்படி பாத்தா தீனி சரியா இருக்கு. செக் ட்ரேயும் காலி."

"எண்ணிக்கையில மட்டும் சந்தேகமே வேணாம். அது மச்சான் கை" என்றான்.

ஸ்பீக்கரில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "முன்னபின்ன ஆயிரத்து முந்நூறுன்னு வருது. அதுல எப்படிச் சந்தேகப்படுறது" என்றது அந்தப் பெண். யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். இந்திராணி மீன் குழம்பில் உப்பை மறந்துவிட்டாள், அதனால்தான்.

ஏப்ரல் 23

செத்தது 60க்கு மேல்.

ரெத்தினவேல் முடிவு பண்ணிவிட்டான். தீனி தப்பில்லை என்றால் தண்ணீர்தான் தப்பு. நாளைக் காலை உப்பாற்று வாய்க்காலில் கடல் நீர் ஏறும்போது மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றப்போகிறான். ஏழு மணிக்கு ஏற்றம்.

வேண்டாம் என்றேன். மேலே இருக்கிற குட்டையில் நோய் என்று பேச்சு அடிபடுகிறது, அவர்கள் அந்தத் தண்ணீரை வாய்க்காலில்தான் திறந்துவிடுவார்கள்.

"பின்ன என்னதான் செய்யச் சொல்றீங்க மச்சான்? கைய கட்டிக்கிட்டுச் செத்ததப் பொறுக்கச் சொல்றீங்களா?"

நான் ஒரு வேடிக்கை சொன்னேன். என்ன வேடிக்கை என்று இப்போது நினைவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

பாஸ்போர்ட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினான்.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று நான் எழுதாமல் இருந்திருந்தால் தீனியைத்தான் முதலில் குறைத்திருப்பார்கள். பத்து என்று எழுதாமல் இரண்டு என்று எழுதியிருந்தால்கூட ஜெசிமா நம்பியிருக்காது. நான் அந்த எண்ணுக்கு ஒல்லியான இடுப்பு வைத்துவிட்டேன். அது அழகாக இருக்கிறது என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எழுதிவிட்டேன். எழுதினால் போதாது.

ஏப்ரல் 24

ஆறு மணிக்கே ஜெசிமாவுக்குப் போன் போட்டேன். "குட்டை விஷயம். உடனே வாம்மா" என்றேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கியது.

ரெத்தினவேல் மோட்டார் பக்கத்தில் நின்றான். வாய்க்காலில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கை சுவிட்சில்.

"மாப்ள, ஒரு நிமிஷம்."

"கிண்டல் பண்ற நேரமில்ல மச்சான்."

"கிண்டல் இல்ல. நான் பத்து வீசல. ரெண்டுதான்."

புரியவில்லை அவனுக்கு. "என்ன ரெண்டு?"

"ஒவ்வொரு தடவையும் ரெண்டே வீச்சு. தாள்ல இருக்குற பத்தும் நானா போட்டது. உண்மையா வந்த நம்பர் இதுல இருக்கு." டைரியை நீட்டினேன். இடது கையால்தான் நீட்டினேன். வலது கை அந்த உயரத்துக்கு வருவதில்லை. அதையும் சொன்னேன். ஐந்து மாதமாக வருவதில்லை.

அவன் டைரியை வாங்கவில்லை. ஜெசிமா வாங்கியது. கரையிலேயே குந்தி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டியது. 151, 128. 166, 79. 158, 43. விரலை வைத்துக்கொண்டே, "இதுதாண்ணே வலை. இப்படித்தான் வரும்" என்றது.  "ஆறும் ஒரே பலகையில நின்னு வீசுனதா?"

"ஆமா."

"தீனி விழுற எடம். இறாலு அங்கதான கூடும். எதிர்க்கரையில என்ன இருக்குன்னு நம்ம யாருக்குமே தெரியாது." ரெத்தினவேலைப் பார்த்தது. "அண்ணே, மோட்டார் போடாதீங்க. இத்தனை இறாலு உள்ள இல்ல. இல்லாத இறாலுக்குத் தீனி போட்டுட்டு இருக்கோம்."

ரெத்தினவேல் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். நான் அவனுக்குக் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவன். அந்தப் பார்வையை அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒங்க கைய நம்பித்தான மச்சான் மூணாந்தடவ எறங்குனேன்? முடியலன்னு ஒரு வார்த்த சொன்னா நான் என்ன வெரட்டியா விடப்போறேன்?"

"வலை வீசத்தானே கூப்ட்ட. வீச முடியலன்னா அப்புறம் நான் எதுக்கு இங்க?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

இந்திராணி கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "வல விழுந்தா தண்ணி சத்தம் கேக்குமில்ல. ரெண்டு தடவதான் கேக்கும். அவரு வாயால சொல்லட்டும்னு இருந்தேன்டா. இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியல" என்றாள். 

இன்று தீனி இல்லை. பூஜ்யம்.

ஏப்ரல் 25

ரெத்தினவேல் பேசவில்லை. தீனி இல்லை. செத்தது 40.

ஏப்ரல் 26

மேல் குட்டையில் நேற்று மொத்தமும் செத்து ஒதுங்கிவிட்டதாம். வெள்ளைப்புள்ளி. தண்ணீரை மூன்று நாளாகவே வாய்க்காலில் திறந்துவிட்டிருக்கிறார்கள். கேட்டதும் ரெத்தினவேல் மோட்டார் பக்கம் போய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சுவிட்சின் பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். 

ஏப்ரல் 27

இன்று நிஜமாக எண்ணினோம். ரெத்தினவேலே வலை வீசினான். நாலு கரையும் சுற்றி, கரைக்கு ஐந்தாக இருபது வீச்சு. நான் எண்ணினேன். ஜெசிமா எழுதியது.

அவன் வீசிய முதல் வலை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி விழுந்தது. எனக்கு நாக்கு துறுதுறு என்றது. அடக்கிக்கொண்டேன். அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம், வலை விரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"எப்படி வீசணும்?" என்றான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான். மூன்று நாளில் முதல் பேச்சு.

"இடுப்ப திருப்பு மாப்ள. தோள நம்பாத. தோள நம்பித்தான் நான் இப்படி நிக்கிறேன்."

பலகைப் பக்கம் 140, 163, 171. எதிர்க்கரையில் 12. அடுத்தது 33. ஒரு வீச்சில் எட்டு. தென்கரையில் ஒன்றில் 118, அதற்குப் பக்கத்திலேயே 61. ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லை. நான் இதைத்தான் 138, 141, 140 என்று குடும்பப் போட்டோ மாதிரி நிறுத்தி வைத்திருந்தேன்.

இருபதின் சராசரி 92. ஜெசிமா போனைத் தட்டியது. "தொண்ணூத்தி ரெண்டாயிரம். முன்னபின்ன இருபத்தோராயிரம். எழுபத்தோராயிரத்துக்கும் ஒரு லட்சத்துப் பதிமூணாயிரத்துக்கும் நடுவுல."

"இவ்வளவு அகலமா?" என்றான் ரெத்தினவேல்.

"பாதியாக்கலாம்ணே. எம்பது வீச்சு."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். "மச்சான், ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டோக்கனா போடுங்க" என்றான்.

நான் சிரித்தேன். பிறகு முகம் கழுவப் போய்விட்டேன்.

தீனியை 30 கிலோவாக இறக்கினோம். இரண்டு ஏரேட்டரை எதிர்க்கரைக்கு மாற்றினோம்.

மே 1

செத்தது 9. உண்மையாகவே ஒன்பது.

மே 4

கத்திரி ஆரம்பம். இறால் இரண்டு நாளாக மேலே வரவில்லை. ஆனாலும் விடியும் முன்பே எழுந்து கரைக்குப் போய்விடுகிறேன். போகும்போதே தண்ணீரை மோந்து பார்த்துக்கொண்டு போகிறேன், நாய் மாதிரி.

மே 6

ஆஸ்பத்திரிக்கு இந்திராணி இழுத்துக்கொண்டு போனாள். தோளுக்குள் ஒரு நரம்பு கிழிந்து, அப்படியே இறுகிப்போயிருக்கிறதாம். ஐந்து மாதம் முன்னால் ஏன் வரவில்லை என்று டாக்டர் திட்டினார். கடல் அலுத்துவிட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. இந்திராணிக்குப் புரிந்தது.

மருந்து, பிறகு ஒரு பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரலை நண்டு மாதிரி நடத்தி மேலே ஏற்ற வேண்டும். மறுபடி வலை வீச முடியுமா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி என்றார். எத்தனை பேரைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மே 15

ரெத்தினவேலின் கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. வலை இப்போது வேட்டியாக விழவில்லை, லுங்கியாக விழுகிறது. சொல்லியும்விட்டேன். பதிலுக்கு, ஏப்ரல் ஐந்தாம் தேதி சாயத்தைப் பற்றி நான் எழுதியதை வரி பிசகாமல் ஒப்பித்தான். அன்று டைரியை என்னிடம் திருப்பித் தரும் முன் ஜெசிமா அவனிடம் கொடுத்திருக்கும் போலிருக்கிறது, முழுசும் படித்திருக்கிறான். ஏப்ரல் 17இல் "சொல்லவில்லை" என்று ஒற்றை வரி இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மே 26

அறுவடை. நூற்றைந்தாம் நாள்.

விடியும் முன்பே இழுவலை போட்டோம். தட்டுத் தட்டாகத் தராசில் ஏறியது. ஒவ்வொரு தட்டுக்கும் ரெத்தினவேல் கண்ணை மூடிக்கொண்டான். மொத்தம் 2,540 கிலோ. கிலோவுக்கு நாற்பது இறால் நின்றது. ஜெசிமா பெருக்கிப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் குதித்தது. ஒரு லட்சத்து ஓராயிரத்து அறுநூறு.

"நான் சொன்ன ரெண்டுக்கும் நடுவுல நிக்குது பாருங்க!"

"எழுபத்தொண்ணுலேர்ந்து நூத்திப்பதிமூணு வரைக்கும்னு ரெண்டு கையையும் விரிச்சு நின்னா எவன்தான் புடிக்கமாட்டான்?" என்றேன்.

"அகலமா சொன்னதாலதாண்ணே பிடிபட்டுச்சு. நீங்க ஒல்லியா சொன்னீங்க."

 ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

லாரி போனதும் ரெத்தினவேல் பாஸ்போர்ட்டை ஆணியிலிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்தான். "டிரங்குப் பெட்டியில அடியில போட்டு வையி" என்றான். என்னிடம், "அடுத்த தடவ நாப்பது வீச்சு மச்சான். வீசுறது நானு. எண்ணுறது நீங்க. நான் எட்டு வீசிட்டுப் பத்துன்னு சொன்னா ஒங்களுக்குத்தான் ஒடனே தெரியும்" என்றான்.

அதற்குத்தான் இனி நான் இங்கே.

மே 28

ஆணி இப்போது காலி. விரலை நண்டு மாதிரி நடத்தி அதுவரை ஏற்ற வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். ஆணிக்கு எத்தனை விரற்கடை கீழே என் கை நிற்கிறது என்று இந்திராணி அளந்தாள். முதல் தடவை ஒன்பது. அது போதும், எழுதிவிடுகிறேன் என்றேன்.

"பத்து தடவ" என்றாள். ஜெசிமாவோடு பழகிக் கெட்டுப்போய்விட்டாள்.

9, 7, 12, 8, 8, 14, 6, 11, 15.

பத்தாவது தூக்க முடியவில்லை. கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.